பத்தாம் நம்பருக்குத் தண்ணீர்

வியாழக்கிழமை காலை ஐந்தே காலுக்குப் பாரூரில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினோம், நானும் என் மகள் கோகிலாவும். அவளுடைய சைக்கிள் எங்களோடு வரவில்லை. முதல் நாளே ஓசூரிலிருந்து ஒரு வேன் வந்து அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வந்தவன் ரசீது எதுவும் கொடுக்கவில்லை. கேட்டதற்குச் சிரித்தான். ஓசூர் போய் அந்தச் சைக்கிளைக் கண்ணால் பார்க்கும் வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இல்லை.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி, பெண்களுக்கு ஒரு சைக்கிள் அணி வைத்திருக்கிறது. ஓட்டுவதே வேலை, மாதச் சம்பளம் உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மலைப்பாதையில் பந்தயம். மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரத்தில் முடித்தவரே முதல். அந்த அணியில் நிரந்தரமாகச் சேர ஒரு இடம் காலி. அதற்குப் புதிதாக வந்தவர்கள் இருவர். ஒருத்தி என் மகள், முதுகில் பத்தாம் நம்பர். இன்னொருத்தி தளி பக்கத்துச் சைத்ரா, பதினொன்றாம் நம்பர். இருவரில் கூட்டுநேரம் யாருக்குக் குறைவோ அவளுக்கு வேலை. ஆளுக்கு ஒரு வீட்டு ஆள் கூட வரலாம் என்றார்கள். மாம்பழக் கூழ் கம்பெனியில் சீசன் முடிந்து எனக்கு வேலை இல்லாத மாதம். என் வீட்டுக்காரர் மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சைத்ரா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அதையும் யோசித்தேன்.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறினோம். ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சூளகிரி தாண்டியதும் வழி நெடுகக் கம்பெனி மதில்கள், கேட்டுக்குக் கேட்டு செக்யூரிட்டி, ஷிப்ட் பஸ்கள். எட்டரைக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது என் காதில் ஒரே நேரத்தில் நாலு பாஷை விழுந்தது. ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார், கோகிலாவிடம் தமிழில் பேசினார், போனில் கன்னடம். லாட்ஜுக்கு எண்பது ரூபாய். இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

சைக்கிள் பத்திரமாக இருந்தது. ரசீது தராத அந்த ஆள்தான் வேன் டிரைவர் மஞ்சு. தேன்கனிக்கோட்டைக்காரர், நாற்பது வயதிருக்கும். அணியின் கோச் வந்தனா மேடம் பெங்களூர்க்காரர், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். எங்களிடம் தமிழில் பேசினார். மஞ்சுவிடமும் சைத்ராவிடமும் கன்னடத்தில் பேசினார். நான் வந்ததும் கன்னடம் கொஞ்சம் தணிந்த மாதிரி எனக்குப் பட்டது.

சாயங்காலம் ஒரு கூட்டம் போட்டு நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். பந்தய விதிகள், முழுக்க இங்கிலீஷ். வீட்டு ஆட்களும் கையெழுத்துப் போட வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். கோகிலா அப்போது சைக்கிளைச் சரிபார்க்கப் போயிருந்தாள்.

"படிச்சுட்டீங்களாம்மா? ஏதாவது சந்தேகமா?" என்று மேடம் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. முதல் நாள் ஓட்டம் ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போய்த் திரும்புவது. என்னை மஞ்சுவின் வேனில் ஏற்றினார்கள். பின்னால் ஒரு டஜன் சக்கரங்கள், தண்ணீர் பாட்டில் கூடை, முன்னால் நானும் அவரும், எங்கள் இருவருக்கும் நடுவில் கரகரக்கும் வாக்கிடாக்கி. கிளம்புவதற்கு முன் மேடம் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை அள்ளி ஒவ்வொரு பாட்டிலிலும் போட்டதைப் பார்த்துவிட்டேன்.

"அது என்னா பொடி?" என்று மஞ்சுவைக் கேட்டேன்.

"உப்பு சக்கரை தான்க்கா. வேர்த்துப் போறதுக்கு."

"எல்லாத்துக்கும் ஒரே அளவா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனக்கா, நீங்க போலீஸ்ல இருந்தீங்களா?"

அவர் டீ குடிக்கப் போனபோது பத்தாம் நம்பர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எலுமிச்சை ருசி. பிறகு பதினொன்றாம் நம்பரையும் குடித்துப் பார்த்தேன். அதே ருசி. அப்படியும் மனசு ஆறவில்லை.

அன்று ராயக்கோட்டை மலைக்கோட்டை தெரிகிற மேட்டில் முப்பது பெண்கள் ஒரே கொத்தாக ஏறினார்கள். சைக்கிள் கூட்டம் பக்கத்தில் போகும்போது பேச்சே இருக்காது, சங்கிலி ஓடும் சத்தமும் மூச்சும்தான். தக்காளி லாரிகளை ஓரம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். டிரைவர்கள் கூரைமேல் ஏறி நின்று விசில் அடித்தார்கள். கோகிலாவும் சைத்ராவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் சைத்ரா தன் தட்டிலிருந்த முட்டையை என் மகள் தட்டில் வைத்தாள். எதற்கு இவ்வளவு கரிசனம்? அந்த முட்டையை நானே தின்றுகொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். கோகிலா முறைத்தாள்.

சனிக்கிழமை தளி வழியாக ஜவளகிரி. அந்தப் பக்கம் குளிர் நம் ஊர்க் குளிர் இல்லை. ரோஜா போட்ட பசுமைக் குடில்கள், கோஸ் தோட்டங்கள், சிவப்பு மண், அதற்கப்புறம் காடு. வனத்துறைப் போர்டில் யானை படம். ஊர் ஊராக ஜனங்கள் மேட்டில் கூடி நின்றிருந்தார்கள். என் மகள் எங்களைத் தாண்டி மேடேறும்போது அத்தனை பேரும் கத்தினார்கள்: "ஹத்தம்மா, ஹத்து! ஹத்து!"

எனக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். சீசனில் கர்நாடகத்துச் சீனிவாசபுரம் லாரிகள் வரும்போது டிரைவர்கள் மாங்காய்ப் பெட்டியை எண்ணி இறக்குவார்கள், ஒந்து, எரடு, மூரு என்று ஆரம்பித்து ஹத்து வந்ததும் ஒரு கோடு போடுவோம். ஹத்து என்றால் பத்து. நீரு தண்ணீர். பேட என்றால் வேண்டாம். பதினைந்து வருஷத்தில் அவ்வளவுதான் எனக்கு ஒட்டியது.

முதலில் பெருமையாக இருந்தது. முகம் தெரியாத ஊரில் என் மகளின் நம்பரைச் சொல்லிக் கத்துகிறார்கள். இரண்டு கிலோமீட்டர் போனதும் வேறு மாதிரி தோன்றியது. இது சைத்ராவின் ஊர்ப்பக்கம். இவர்களுக்குப் பத்தாம் நம்பர் யாரென்று எப்படித் தெரியும்? யார் சொல்லி வைத்தது?

அப்போதுதான் வாக்கிடாக்கியில் மேடத்தின் குரல் வந்தது. "மஞ்சு, ஹத்தோவாக நீரு கொடபேட." அதற்கப்புறம் ஏதோ சொன்னார், கரகரவென்று போய்விட்டது.

மஞ்சு "ஆய்து மேடம்" என்று தலையாட்டினார்.

ஹத்து. நீரு. கொட பேட. பத்துக்குத் தண்ணீர் கொடுக்காதே. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்கிறார்கள், இவளுக்குப் புரியாது என்கிற தைரியத்தில்.

மஞ்சுவின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காதது போல் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "வேணுமாக்கா?" என்று நீட்டினார். வேண்டாம் என்றேன்.

அன்று முடிவில் கோகிலா சைத்ராவை விடப் பதினொரு செகண்ட் முன்னால் இருந்தாள். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. இனிமேல்தான் அவர்கள் ஏதாவது செய்வார்கள் என்று நினைத்தேன். லாட்ஜில் அவளிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"அந்த மேடம் எப்படி, நல்லவங்களா?"

"ஏம்மா இப்ப அது?"

"இல்ல, உனக்குத் தண்ணி சரியாக் குடுக்கறாங்களா?"

"அம்மா, நாளைக்கு அஞ்செட்டி மலை. என்னைத் தூங்க விடு. உன் பயத்தையும் தூக்கிக்கினு என்னால ஏற முடியாது."

விளக்கை அணைத்தேன். காலையில் ஒரு கடையில் இரண்டு எலுமிச்சம்பழம் பதினைந்து ரூபாய்க்கு வாங்கி, உப்பும் சர்க்கரையும் போட்டு, ஒரு லிட்டர் பாட்டிலில் கலந்து பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. தேன்கனிக்கோட்டையில் தொடக்கம், காட்டு வழியாக அஞ்செட்டிக்கு இறக்கம், அங்கே ஒகேனக்கல் ரோட்டில் ஒரு சுற்று, மறுபடி அதே மலையில் ஏறித் தேன்கனிக்கோட்டையில் முடிவு. இறக்கத்தில் சைக்கிள்கள் வளைவுகளில் சாய்ந்து போனதை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். அஞ்செட்டிக்கு வெளியே சமதளத்தில் ஒரு பச்சைக்கொடி கட்டியிருந்தது. அங்கே நின்று மஞ்சு பாட்டில்களைக் கையில் நீட்டிப் பிடித்தார். ஓட்டுகிறவர்கள் போகிற போக்கில் பறித்துக்கொள்வார்கள். சைத்ரா பறித்தாள். கோகிலா கை வைத்தாள், பாட்டில் நழுவியது, உருண்டு சாக்கடையில் போய் விழுந்தது.

"அய்யோ!" என்றார் மஞ்சு. நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டாரா, நழுவியதா? எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர்கள் சுற்று முடித்து வருவதற்குள் நாங்கள் மலையேற வேண்டும். வேன் வளைந்து வளைந்து போனது. வாக்கிடாக்கி மறுபடி பேசியது. அதே வாக்கியம்: ஹத்தோவாக நீரு கொடபேட. வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் இல்லாமல் என் பிள்ளை இந்த மலையை எப்படி ஏறுவாள்?

"வண்டிய நிறுத்துங்க. வாந்தி வருது."

மஞ்சு நிறுத்தினார். "காடுக்கா இது, தனியா நிக்கக் கூடாது."

"பொம்பளை சமாச்சாரம், நீங்க அந்த வளைவுக்கு மேல போய் நில்லுங்க."

அவர் போனார். நான் அங்கிருந்த ஒரு சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். எதிரே ரோட்டோரம் யானைச் சாணி, காய்ந்ததா ஈரமா என்று பார்க்க நான் பக்கத்தில் போகவில்லை. மூங்கில் முறிகிற சத்தம் ஒவ்வொன்றுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் கீழே சங்கிலிச் சத்தம் கேட்டது. நான்கு பேர் முன்னால் வந்தார்கள். அதில் இருவர் பத்தும் பதினொன்றும். பின்னால் மஞ்சள் சட்டை போட்ட நடுவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில்.

செருப்பை உதறிவிட்டு ஓடினேன். "கோகிலா! தண்ணி, கண்ணு! குடி!"

"வேணாம்மா! ஓரம் போ!"

"குடிம்மா, ஒரு வாய்!"

மேட்டில் அவர்கள் வேகம் குறைந்திருந்தது, அதனால் என்னால் கூடவே ஓட முடிந்தது. இருபது முப்பது அடி ஓடியிருப்பேன். புடவை காலில் தடுக்கியது. அவள் என்னைப் பார்த்தாள், கையை நீட்டி பாட்டிலை வாங்கினாள். நான் நின்றுவிட்டேன். பின்னால் விசில் சத்தம். மஞ்சள் சட்டைக்காரர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். நல்லவேளை சாட்சிக்கு ஓர் ஆள் இருந்தார் என்று நினைத்தேன்.

வேனில் ஏறியதும் மஞ்சுவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "பத்துக்குத் தண்ணி குடுக்காதேன்னு உங்க மேடம் சொன்னது எனக்குக் காதுல விழுந்துச்சு. எனக்கும் கன்னடம் தெரியும்."

அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"அக்கா, ஹத்தோவாகன்னா ஏறும்போது. மேடேறும்போது தண்ணி குடுக்கபேட, உச்சியில குடுன்னு சொன்னாங்க. ஏத்தத்துல குடுத்தா ரூல் தப்பு. பச்சைக்கொடியில குடுக்கலாம், இல்ல உச்சியில. நடுவுல ரோட்டுல நின்னு யார் குடுத்தாலும் இருபது செகண்ட் சேத்துருவாங்க. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல இருக்குதே."

"ஹத்துன்னா பத்து தானே?"

"பத்தும் ஹத்து தான். ஏறுன்னு சொன்னாலும் ஹத்து தான்."

"ஜனங்க கத்துனது?"

"ஏறும்மா ஏறுன்னு. எல்லாருக்கும் தான் கத்துனாங்க."

எல்லோருக்கும் கத்தியிருக்கிறார்கள். நான் என் மகள் தாண்டும்போது மட்டும் காது கொடுத்திருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டையில் கோகிலா சைத்ராவை விட மூன்று செகண்ட் முன்னால் வந்து முடித்தாள். பழைய பதினொன்றோடு சேர்த்தால் பதினான்கு. பிறகு ஒலிபெருக்கியில் பத்தாம் நம்பருக்கு இருபது செகண்ட் தண்டனை என்றார்கள். ஆறு செகண்டில் வேலை சைத்ராவுக்குப் போனது. சைத்ரா சிரிக்கவில்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் மேடத்திடம் ஓடினேன். தப்பு என்னுடையது, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, எனக்குப் பாஷை புரியவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார். "இவளை விடறதுக்கு எனக்கும் மனசில்ல. ஆனா ரூலை நான் மாத்த முடியாது. அடுத்த தேர்வுக்கு அனுப்புங்க."

ஆமாம், கேட்டிருக்கலாம். மூன்று நாள் கூடவே இருந்தேன். எட்டாவது படித்தவள் என்று தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை. சந்தேகப்பட மட்டும் எனக்கு வெட்கமாகவே இல்லை.

மாலை நான்கரைக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்ட். கோகிலா முகம் கழுவி, தலை பின்னி, எதுவும் நடக்காதது போல் பக்கத்தில் நின்றாள். அதுவரை திட்டவில்லை.

"திட்டிடேன்டி" என்றேன்.

"என்னாத்துக்கு?"

"தாகமா இருந்துச்சுன்னாவது சொல்லு."

"தாகம் இல்லம்மா. பாட்டில் விழுந்தப்பவே சைத்ரா அவளோடதுல பாதி குடுத்துட்டா."

"அப்புறம் ஏன் வாங்கின? வேணாம்னு சொன்னவதானே?"

"நீ செருப்பில்லாம ஓடி வந்தே. நான் வாங்கற வரைக்கும் நிக்க மாட்டே. விழுந்துருவேன்னு பயந்துட்டேன்."

அவளுக்கும் பயம் வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வியாதி எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

பாரூரில் எங்கள் வீட்டிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து வாய்க்காலுக்கு எல்லாம் சமதரை. ஏறுவதற்கு ஏரிக்கரை ஒன்றுதான் உண்டு, அதையும் ஏற்றம் என்று யாரும் சொல்ல மாட்டோம். இங்கே ஓசூர்ப் பக்கம் ரோடு முழுக்க மேடுதான், ஏறு என்ற சொல்லைத்தான் சின்னப் பிள்ளை முதல் எல்லோரும் கத்துகிறார்கள். எண்ணுகிறவளுக்கு அது எண்ணாகவே கேட்டது.

பக்கத்துத் தடத்தில் பெங்களூர் பஸ் கிளம்ப உறுமியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஜனங்களைப் பார்த்து, "ஹத்ரீ, ஹத்ரீ" என்று கத்தினார். பத்து பேரைக் கூப்பிடவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். எங்கள் கிருஷ்ணகிரி பஸ்ஸும் வந்து நின்றது. கோகிலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஹத்தும்மா" என்றாள்.

ஏறினேன்.