ஒன்பதாம் கேள்வி

புலம்பெயர்ந்த தமிழர் நிறைய வாழும் பென்டில் ஹில் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு அரசுப் பாடசாலை. அதன் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக மாணவர் சேர்க்கையைக் கவனிப்பவள் சுஜீவா. இந்த வருடம் ஏழாம் வகுப்பில் நூற்று எண்பது பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகள் முப்பதுக்குக் குறையாது என்று முகங்களை வைத்தே சொல்வாள். கணினியோ எட்டு என்றது.

சேர்க்கைப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி, வீட்டில் பேசும் மொழி எது என்பது. பதினைந்து பேராவது தமிழ் என்று எழுதியிருந்தால்தான் செவ்வாய்க்கிழமைத் தமிழ் வகுப்பு தொடரும். வெள்ளிக்கிழமை கணக்கை அனுப்ப வேண்டும். படிவத்தைத் திருத்தப் பெற்றோரால் மட்டுமே முடியும்.

சாப்பாட்டு நேரத்தில் சுஜீவா தமிழ்ப் பெற்றோரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மனிசி என்னை ஏசுறது முழுக்கத் தமிழிலதான் தங்கச்சி. அதையும் கணக்கில எடுப்பினமோ?" என்றார் மகேந்திரராஜா.

"எடுப்பினம் அண்ணை. ஒருக்கா வந்து கையெழுத்து வைச்சாக் காணும்."

வாறன் என்றார். வரவில்லை. வேறு மூன்று பேர் வந்து மாற்றிக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை தொலைபேசியில் ராகவி எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிட்டாள். "தமிழ் எண்டு போட்டா இங்கிலிஷ் தெரியாத பிள்ளையளோட விட்டிடுவினம். பிறகு இவன் நல்ல வகுப்புக்கு ஏற மாட்டான்."

"இப்ப அப்பிடியெல்லாம் இல்லை ராகவி. ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே அக்கா. மூத்தவளைச் சேர்க்க வந்த நேரம் நீங்கள்தானே சொன்னனீங்கள், இங்கிலிஷ் எண்டே போடும், கரைச்சல் இல்லை எண்டு. நானும் எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தனான்!"

சுஜீவாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தன் மகளின் படிவத்தில் தமிழ் என்று எழுதியிருந்தாள். இங்கேயே பிறந்த பிள்ளையை ஆங்கிலத் துணை வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். வெட்கத்தில் மகள் கழிப்பறைக்குள் ஒளிந்திருந்து அழுதாள். அந்தச் சூட்டோடு, மேசைக்கு வந்த தமிழ்த் தாய்மாருக்கெல்லாம் பேனையை நீட்டியபடியே குரலைத் தாழ்த்தி அந்தப் புத்தியைச் சொன்னாள் சுஜீவா. உதவி என்றுதான் நினைத்தாள். ஒரு வருடத்தில் தானே மறந்தும் போனாள். பலசரக்குக் கடையிலும் பிறந்தநாள் வீடுகளிலும் சனம் அதை மறக்கவில்லை.

வெள்ளி மாலை வரை கெஞ்சியும் பதின்மூன்றுதான் தேறியது. அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பறைப் பூட்டின் திறப்பு வாங்க யோகா வந்தாள். மருந்துக் கடை வேலையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து தமிழ் படிப்பிப்பவள்.

"வகுப்பை நிப்பாட்டீட்டினம் யோகா."

யோகா கதிரையில் இருந்துவிட்டாள். "எங்கட சனத்துக்குத் தமிழ் எண்டாலே வெட்கம். நீங்கள் பாவம், எத்தனை பேருக்குப் போன் அடிச்சனீங்கள்."

தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். சுஜீவாவால் முடியவில்லை. "சனத்தில பிழையில்லை யோகா. நான்தான் சொல்லிக் குடுத்தனான்." எல்லாவற்றையும் சொன்னாள்.

யோகா கேட்டு முடித்தாள். "உங்கட மகள் இப்ப தமிழ் கதைப்பாவோ?"

"விளங்கும். கதைக்க மாட்டாள்."

யோகா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவள் போட்டு வாறன் அக்கா என்று சொல்லாமல் போனதில்லை. அன்று ஒன்றும் சொல்லாமல் போனாள்.