மெல்லிய கம்பி

பக்கத்து அறையில் மகள் கிட்டார் பழகுகிறாள். தடித்த கம்பியை நான்கு முறை மீட்டிவிட்டு அடுத்த கம்பிக்குப் போகிறாள். எண்பதுகளின் செல்லூர் வீடு கண்முன் வந்துவிட்டது.

பள்ளி ஆண்டு விழாவுக்காக நான் கிட்டார் பழகிய வருடம் அது. விசைத்தறி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஞ்சிப்பசை வாடை போகாத சட்டையோடு அப்பா என் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கும் சொல்லிக்குடு தாயி."

"ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. காலால தட்டிக்கிட்டே வாங்கப்பா" என்றேன்.

இருபது வருடம் தறியோடு நின்ற கால் இம்மியும் பிசகவில்லை. தடித்த கம்பியில் தொடங்கி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் இருந்த மெல்லிய கம்பிக்கு வந்ததும் அவர் கால் நின்றது.

"ஏன் தாயி நிறுத்திட்ட?"

நான் நிறுத்தவில்லை. இன்னும் பலமாக மீட்டினேன். அசையும் என் விரலைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தறிச் சத்தம் காதத் தின்னுருச்சு போல. அம்மாகிட்ட சொல்லிராத, அழுதுருவா."

சொல்லவில்லை. அதன்பின் தடித்த கம்பிகளிலேயே அவருக்குப் பாடம் நடத்தினேன்.

மகள் இப்போது மெல்லிய கம்பிக்கு வந்துவிட்டாள். என் கால் நிற்காமல் தட்டிக்கொண்டிருக்கிறது.