சோப்பு நுரை மிதந்த தொட்டி

ஒரு குடும்பத்தின் குடிதண்ணீரைக் கெடுத்துவிட்டு, சொல்லாமல் ஓடிவந்தவன் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பாறசாலையை விட்டுக் கிளம்பியவன். ஓட்டல், செங்கல் சூளை, லாரி... கிடைத்ததைச் செய்தேன். போன வருடம் குளத்தூர் தங்கையன் அண்ணனின் லாரியில் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு ராஜஸ்தான் போனோம்.

பாலைவனத்தில் குறுக்குவழி என்று நம்பி ஒரு சிற்றூருக்குள் நுழைந்தோம். முப்பது வீடுகள் இருக்கும். கூரை விழுந்து, வாசலில் மணல் ஏறிக் கிடந்தன. ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஆட்கள். ஒரு கிழவர், அவர் மருமகள், அவள் இடுப்பில் கைக்குழந்தை. எங்கள் சக்கரம் புதைந்தபோது அவர்கள்தான் கையால் மணல் அள்ளினார்கள். பிறகு பலகை தேட அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிழவர் போனார். மருமகள் எங்களுக்கு ரொட்டி சுட உள்ளே போனாள்.

வண்டிக்கு அடியில் படுத்து, கசிந்த டீசல் குழாயைக் கட்டியதில் என் உடம்பெல்லாம் எண்ணெய். நம் ஊர்க்காரனால் குளிக்காமல் இருக்க முடியுமா? சிமென்ட் பூசிய வட்டத் தளம் ஒன்று தெரிந்தது, நடுவில் நிலத்துக்குள் இறங்கிய, மூடி போட்ட தொட்டி. நம் கிணற்றடி போலவே! வாளி வாளியாய் மொண்டு, அங்கேயே நின்று குளித்தேன். யாரும் வழுக்கி விழக் கூடாதே என்று, தொட்டியின் வாய்ச்சுவரில் தளத்தை ஒட்டி இருந்த துளைகளுக்குள் அழுக்குத் தண்ணீரைக் காலால் தள்ளியும் விட்டேன். நம் ஊர் மரியாதை!

கடைசி வாளிக்குக் குனிந்தேன்... உள்ளே நுரை. அதன்மேல் டீசல், பல நிறமாய்ப் படர்ந்து...

அப்போதுதான் புரிந்தது. தளத்தில் விழும் மழை அந்தத் துளைகள் வழியாகத்தான் தொட்டிக்குள் இறங்கும். கண்ணுக்கெட்டிய வரை வேறு கிணறு இல்லை. அடுத்த மழைவரை அவர்களுக்கு இருந்தது அவ்வளவுதான்!

மூடியை மூடினேன்.

பலகை போட்டு வண்டி மணலை விட்டு ஏறியதும் அண்ணன் சிரித்தார். "எலே, சோப்பு மணக்கே! ஒரு நாளு குளிக்காட்டா செத்தா போவ? கேனில குடிக்க வெள்ளம் பிடிச்சியா?"

மருமகள் எங்களுக்காகக் குடத்தோடு தொட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

"வேண்டாம் அண்ணா... உப்பு வெள்ளமாக்கும். போவோம்."

பார்த்தீர்களா? அண்ணனைத் தடுக்கத் தெரிந்தது எனக்கு! அவளை நோக்கிக் கையையாவது ஆட்டினேனா? மொழி தெரியாதே என்று எனக்காகப் பேசாதீர்கள். பயம்... வெறும் பயம்! பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

இப்போது நான் இருக்கும் பூவாறில் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுக்காரர் யாராவது உற்றுப் பார்த்தால் இன்றும் எனக்கு வியர்க்கிறது.

நாளை அண்ணன் மறுபடியும் அந்தப் பக்கம் லோடு போகிறார். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். பார்க்க வந்தவர், நெய்யாற்றின்கரையில் வாங்கிய சின்னச் சட்டை ஒன்றை விரித்துக் காட்டினார்.

"அந்தப் பிள்ளைக்காக்கும் மக்கா. இப்ப நடக்கப் பழகியிருக்கும். அளவு சரியா இருக்குமாலே?"

சட்டையைக் கையில் வாங்கினேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று...

"இருக்கும் அண்ணா," என்றேன்.