நகங்களுக்கு நடுவே வெளிச்சம்

டாக்டர் முதலில் மார்பில் குழாயை வைக்கவில்லை. அப்பாவின் இரண்டு மோதிர விரல்களையும் பிடித்து, நகத்தோடு நகம் ஒட்டும்படி சேர்த்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அந்த நகங்களுக்கு நடுவே கொஞ்சமாவது வெளிச்சம் தெரிய வேண்டுமாம். ஒரு பொட்டுக்கூட இல்லை. "விரல் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, பாவுஜி?" என்று ஹிந்தியில் கேட்டார். அப்பா பெருமையாகவே பதில் சொன்னார். டைப் அடித்து அடித்து இப்படி ஆகிவிட்டது என்று.

எங்கள் வீட்டில் எல்லோரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தோம். எழுபதுகளின் கடைசி அது. அப்பா சர்க்கார் ஆபீசில் ஸ்டெனோ. ஊரில் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டுத் தகரப் பெட்டியோடு டெல்லிக்கு வேலை தேடி வரும் பையன்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து அப்பாவின் பழைய மிஷினில் கைபழகுவார்கள். அப்பாவின் விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் கரண்டியைக் கவிழ்த்த மாதிரி வளைந்திருக்கும். "பாத்துக்குங்கடா, சர்வீஸுன்னா இதான். உங்களுக்கெல்லாம் இது வர நாளாகும்" என்று காட்டுவார். அந்த அசடுகளும் தங்கள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்ளும். நானும் ஒன்றும் குறைந்தவளில்லை. காலேஜில் என் சிநேகிதிகளிடம் அந்த விரல்களைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

இருமலுக்கும் எங்களிடம் பதில் தயாராக இருந்தது. டெல்லிக் குளிர். தெற்கிலிருந்து வந்தவர்கள் எதற்கெடுத்தாலும் பழியை அதன் தலையில்தானே போடுவோம்! ஆபீஸ் விட்டு வரும்போது அப்பா பாதிப் படியில் நின்று, கீழ்வீட்டு சர்தார்ஜியோடு ஊர்க்கதையெல்லாம் பேசுவார். பேச்சுப் பிரியர் என்று சிரித்தோம். மூச்சு வாங்கித்தான் நிற்கிறார் என்று யாருக்குத் தோன்றியது? "ரிட்டயர் ஆகி ஊரோட போயிட்டா எல்லாம் சரியாயிடும்" என்பாள் அம்மா. மே மாத வெயிலிலும் இருமல் நிற்காதபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வரமாட்டேன் என்றவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டர் நிதானமாகச் சொன்னார். பல்மனரி ஃபைப்ரோஸிஸ். நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே வருகிறது. காரணம் தெரியவில்லை. மாத்திரை தருகிறேன், ஆனால் இறுகிய இடம் இனி இளகாது. விரல் நுனி பருப்பதும் இந்த நோயின் அடையாளம்தான், டைப் மிஷின் மேல் பழி போடாதீர்கள் என்றார்.

டெல்லியிலேயே பிறந்து பாதி ஹிந்தியில் வளர்ந்த எனக்கு, இதை அம்மாவிடம் தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவே குளியலறை ஆணியில் தொங்கிய பீர்க்கங்காய் நாரை எடுத்து வந்தார். "பிஞ்சா இருந்தப்ப மெத்துன்னு இருந்திச்சில்ல? இப்ப பாரு. என் நெஞ்சுக்குள்ள இதான் நடக்குதாம்."

அம்மா அந்த நாரைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தாள். "தண்ணியில ஊறவெச்சா இளகிடுமேங்க" என்றாள். அப்பா டைப் மிஷினுக்கு உறை மாட்டப் போய்விட்டார். மறுநாள் ஆணியில் நார் இல்லை. அதற்குப் பிறகு அம்மா கடைசிவரை பீர்க்கங்காய் வாங்கவில்லை. காய்கறி வண்டிக்காரன் "தோரி, பெஹன்ஜி!" என்று அதைக் கூவினால் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

அடுத்த குளிர்காலத்தை அப்பா தாண்டவில்லை. கடைசியில் ஒரு வாக்கியத்தை முடிக்கக்கூட மூச்சுப் போதவில்லை. சர்தார்ஜி மாடியேறி வந்து, இரண்டு பேர் பேச்சையும் தானே பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போவார். அத்தனை பேசிய மனுஷனுக்கு இப்படியா வர வேண்டும்! அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இப்போது டெல்லியிலேயே துவாரகா பக்கம் மகளோடு இருக்கிறேன். லிஃப்ட் இருக்கிறது, படி ஏற வேண்டியதில்லை. ஆனாலும் குளிர் வந்து இருமல் தொடங்கினால், மோதிர விரல்களை நகத்தோடு நகம் சேர்த்து ஜன்னலில் பார்த்துக்கொள்வேன். அன்று டாக்டர் மருந்துச் சீட்டு எழுதக் குனிந்தபோது, அப்பா என் கைகளை எடுத்து அதேபோலச் சேர்த்து, தானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தன் தலையில் இடி விழுந்திருந்த அந்த நேரத்தில், முகமெல்லாம் சிரிப்பாக, "இருக்கு. உனக்கு இருக்கும்மா" என்றார்.

இன்று காலையும் பார்த்தேன். நகங்களுக்கு நடுவே எள்ளளவு வெளிச்சம். "இருக்குப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "க்யா ஹுவா, மா? யார்கிட்ட பேசறே?" என்று மகள் வந்து நின்றாள். "ஒண்ணுமில்லடி. கையைக் குடு" என்று அவள் விரல்களைச் சேர்த்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.