புல்லுக்குள்ள மீனே இல்லையாம்!

இன்னிக்கு ஃபிஜித் தலைநகர் சுவாவுல, ஆபீஸ்ல எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு.

ஒரு ஹோட்டலுக்குப் படகுத்துறை கட்ட, கடற்புல் மேல மண் கொட்டப் போறாங்க. அங்க என்ன மீன் இருக்குன்னு மூணு வாரம் முங்கி எண்ணினது நான். சுற்றுச்சூழல் அறிக்கையைத் திறந்தா பவளப்பாறை மீன் பட்டியல் இருக்கு, கடற்புல் பட்டியலைக் காணோம்!

அதைத் தூக்கினது ஹோட்டல்காரங்களோட ஆலோசகர். நம்மாளுதான், ஃபிஜித் தமிழர். இங்க ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து இந்தியக் குடும்பங்க கிளம்பின வருஷம் குடும்பத்தோட சிட்னிக்குப் போனவர்.

"அது வெறும் புல்லும்மா. மீனெல்லாம் பாறையிலதான்"னார்.

"பாறையில கிளிமீன், வண்ணாத்தி. புல்லுல ஓரா மீன், விரல் நீள விளமீன் குஞ்சு. அந்தக் குஞ்சு வளர்ந்துதான் சார் பாறைக்குப் போகுது. அதை மண் போட்டு மூடினா ஊர்க்காரங்க அப்புறம் எதைப் பிடிப்பாங்க?"

சிரிச்சார். "இவ்வளவு படிச்சிட்டு இன்னும் ஃபிஜியிலயா இருக்கே?"

"பட்டியல் இல்லாம என் கையெழுத்து கிடையாது"ன்னு எழுந்து வந்துட்டேன்.

சாயங்காலம் பட்டியல் திரும்பி வந்துச்சு. கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல.

"இன்னும் அங்கயா இருக்கே"ன்னு கேட்காத ஃபாரின் சொந்தம் உங்க யாருக்காவது இருக்கா? இருந்தா சொல்லுங்க, ஒருதரம் பார்த்துக்கறேன்.