நான் போடாத ரெக்கார்டு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். கோவில்பட்டியில் மைக் செட் கடை வைத்திருந்தவனுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும், ஒயர் இல்லாமல் குழாய் ஸ்பீக்கர் பேசாது. ஊரார் பயந்துபோய்ச் சொன்ன எத்தனையோ சத்தத்துக்கு லூஸ் கனெக்‌ஷன்தான் காரணம் என்று நானே காட்டியிருக்கிறேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். மணியாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி, பருத்திக் காட்டை ஒட்டி இருந்த மாதா கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் ஆர்டர். மழை விட்ட கரிசல் செருப்பைப் பிடித்து இழுக்க, வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆன ரயில்வே கார்டு ஞானமுத்து சார் கீழே வந்து நின்றார். கையில் ஒரு ரெக்கார்டு, உறைமேல் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"தம்பி, எம் மச்சினன் கொழும்புல ஓட்டல் பேண்டுல டிரம்பெட் வாசிச்சான். இது அவன் வாசிச்ச கிறிஸ்துமஸ் பாட்டு. ஜாஸ்னு சொல்லுவாவ. அழுவுத பாட்டு மாதிரி ஆரம்பிக்கும், போகப் போகக் காலு தானா தாளம் போடும். இப்ப அவனும் இல்ல."

அவர் மனைவி ரெஜினாம்மா மாதக்கணக்காகப் படுக்கையில் இருந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டாராம். வீட்டு கிராமபோன் ஸ்பிரிங் அறுந்து கிடந்தது.

"அவ தம்பி பாட்டக் கேக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. கொழாய எங்க வீட்டுப் பக்கம் திருப்பி ஒருக்க போட்டுருங்க."

"போட்டிருதேன் சார். அம்மா பேரச் சொல்லியே போடுதேன், கவலப்படாதீய" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது.

கோயில் கமிட்டித் தலைவர் உறையைப் பார்த்துவிட்டார். அதில் ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்து ஆடுகிற படம்.

"என்னவே இது, ஓட்டல்ல ஆடுத பாட்டுலா. குடிலுக்கு முன்னால இதப் போடுதீரா? அடுத்த வருசமும் ஆர்டர் வேணும்னா கீர்த்தனைய மட்டும் போடும்."

விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கிறவளின் ஆசை என்றால் அவரும் மனிதர்தானே, விட்டுக்கொடுத்திருப்பார். நான் தலையாட்டிவிட்டுக் கீர்த்தனை ரெக்கார்டை எடுத்தேன். அவர் சாப்பிடப் போன நேரத்தில்கூடப் போட்டிருக்கலாம், போடவில்லை. பயந்தாங்கொள்ளி என்றால் நான்தான். விழா முடிந்து பொழுது சாயும்போது பேட்டரியைக் கழற்றி, மைக்கைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஒயரைச் சுருட்டும்போது மனசுக்குள், 'அம்மா, மன்னிச்சிருங்க, லேட்டாயிட்டு' என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான். அதுகூடப் பொய்தான், லேட்டாகவெல்லாம் இல்லை.

ராத்திரி ஸ்டேஷனிலேயே படுத்துவிட்டு, காலையில் ரெக்கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் என்று சொல்ல வாயில் பொய் தயாராக இருந்தது. வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கார்டு சார் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மகராசனா இருப்பீய தம்பி. வெளக்கு வச்ச நேரம், நல்லா கேட்டுது. படுத்தவாக்குல அவ வெரலு தாளம் போட்டுது. பாட்டு முடிய, அவளும் கண்ண மூடிட்டா."

விளக்கு வைத்த நேரத்தில் என் குழாய் மரத்தைவிட்டு இறங்கி மாட்டுவண்டியில் கிடந்தது. பக்கத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள், ஒருத்தர் காதிலும் ஒன்றும் விழவில்லை, பிறகு கேட்டுப் பார்த்தேன்.

தயாராக வைத்திருந்த பொய்யை விட்டுவிட்டு, ரெக்கார்டை நீட்டினேன். வாங்கியவர் சிவப்பு நூலைத் தடவிப் பார்த்தார்.

"அவ போடுத முடிச்சு மாதிரியே திரும்பக் கட்டியிருக்கீயளே" என்றார்.

அது அவர் மனைவி போட்ட முடிச்சேதான். நான் அவிழ்க்கவே இல்லை. அப்படியே கொண்டுபோய் அந்த அம்மாவின் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

இதைக்கூட ஏதாவது பிரமை என்று சொல்லிவிடலாம். சாகிற நேரம், ஆசை, அப்படி இப்படி என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் படியிறங்கும்போது அவர் கூப்பிட்டு ஒன்று கேட்டார்.

"பாட்டுக்கு முன்னால மைக்குல, அம்மா மன்னிச்சிருங்க, லேட்டாயிட்டுன்னு சொன்னீயளே தம்பி, அத ஏன் அப்படி அழுதுகிட்டே சொன்னீய?"

மனசுக்குள் சொன்னது அதே வார்த்தைதான். ஆனால் நான் அழவில்லை. சாயங்காலம் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, ஸ்டேஷனில் டீ கிடைக்குமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.