காப்புக் கட்டிய வீடு

மலாயாவில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நாங்கள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்த காலம். அந்த வருஷம் என் புருஷனுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து இரண்டு மாதமாக விடவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை என்று, தோட்டத்து வைத்தியம் பார்க்கும் டிரஸர் ஒரு சீசாவில் கொயினா மருந்து கொடுத்தனுப்பினார். விடியுமுன் கஞ்சி காய்ச்சி அவர் தலைமாட்டில் மூடி வைத்துவிட்டு, கங்காணி பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடுவேன். வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு பேருக்கும் அரிசி இல்லை. மதியம் எடுத்த பாலைக் கொட்டிவிட்டுத் திரும்பி, லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது, உயிரோடு இருப்பாரா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். போகப்போக அதுகூட அடிக்கவில்லை. அத்தனை அலுப்பு.

மாரியம்மன் திருவிழா வந்தது. அவர் எழுந்து நடக்க வேண்டும் என்று தீச்சட்டி நேர்ந்துகொண்டேன். பதினைந்து நாள் விரதம். கவிச்சி கூடாது, கள் கூடாது. எங்கள் வீட்டில் கருவாடே என்றைக்கோ ஒருநாள்தான், அதனால் அது ஒன்றும் பெரிய தியாகமில்லை. ஆனால் எங்கள் கோயில் பூசாரிக்கு வேறொரு கண்டிப்பு இருந்தது. யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால், அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் காப்புக் கட்ட வர வேண்டும். வயிற்றைக் காயப்போட்டு மனசில் அழுக்கை வைத்திருந்தால் ஆத்தா ஏற்கமாட்டாள் என்பார்.

என்னிடமும் கேட்டார். யாரோடும் பகை இல்லை என்றேன். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை என் கையில் கட்டினார்.

எனக்கு அடுத்து நின்றவள் என் தங்கை. பிள்ளை வரம் கேட்டு வந்திருந்தாள். அவளிடமும் கேட்டார்.

"இருக்கு சாமி. எங்க அக்கா என்கூடப் பேசறதில்ல."

அவளுக்குக் காப்புக் கட்டவில்லை; என் கையில் ஒருமுறை கட்டியதை அவிழ்க்கும் வழக்கமும் இல்லை. வெறுங்கையோடு என்னைத் தாண்டிப் போனாள். ஊர் முன்னால் என் மூக்கை அறுத்துவிட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு என் மூன்று வயது மகள் காய்ச்சலில் போனாள். காலையில் உடம்பு சுட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் நான் மரம் வெட்டப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையைக் கிடத்தியிருந்த இடத்தில், காய்ச்சலோடு விட்டுவிட்டு எப்படிப் போனாய் என்று தங்கை கேட்டாள். அன்றோடு பேச்சை விட்டேன். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பேன்.

காப்புக் கட்டி ஆறு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஏறியது. நாக்கு உலர்ந்து ஏதேதோ பிதற்றினார். சீசாவில் மருந்து மட்டும் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தது. மருந்தும் கேட்கவில்லை, ஆத்தாவும் கேட்கவில்லை என்றால், நான் சொன்ன பொய்தான் அவரைத் தின்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. மறுநாள் மதியம், பால் நாற்றத்தோடு அப்படியே தங்கை வீட்டு வாசலில் போய் நின்று தண்ணீர் கேட்டேன். அன்பால் அல்ல, பயத்தால்தான் போனேன். கோபம் அப்படியே இருந்தது.

அவள் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும், நாளைக்கு மாமாவோடு வீட்டில் இரு, உன் மரங்களை நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வெட்டிக்கொள்கிறோம், கங்காணியிடம் நானே சொல்கிறேன் என்றாள்.

அப்படித்தான் மறுநாள் வீட்டில் இருந்தேன். கிணற்றிலிருந்து குடத்தோடு பின்பக்கமாக வந்தபோது, என் புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மருந்தை ஒரு கரண்டி ஊற்றிச் சன்னல் வழியே வெளியில் கொட்டினார். கையும் களவுமாகப் பிடித்துக் கத்தினேன். விரதக்காரி கத்தக்கூடாது என்பதெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

"இதுல சாராய வாடை அடிக்குது. காப்புக் கட்டின வீடு. என்னால உன் விரதம் கெட வேணாம்னுதான்," என்றார்.

பூசாரியிடம் ஓடினேன். மருந்துக்கு ஏது தீட்டு, போய்க் கொடு என்று திட்டி அனுப்பினார். தங்கை என் மரங்களைத் தொடர்ந்து வெட்ட, நான் அவரை மடியில் சாய்த்து வேளாவேளைக்கு என் கையாலேயே ஊற்றினேன். நான்காம் நாள் உடம்பு வேர்த்துச் சூடு விட்டது. எழுந்து உட்கார்ந்து உப்புப் போட்ட கஞ்சி கேட்டார். மாரியம்மன் காப்பாற்றினாள் என்று லயம் முழுக்கப் பேச்சு. நானும் அதை மறுக்கவில்லை. வீட்டில் இருக்க ஒரு நாள் கொடுத்தாளே.

அன்று சாயங்காலம் தங்கை வந்தாள். நான்கு நாள் இரட்டை வேலை செய்து விரலெல்லாம் வீங்கியிருந்தது. நான் தண்ணீர் வாங்கிக் குடித்ததைப் பூசாரியிடம் சொல்லி, கையில் காப்புக் கட்டியிருந்தாள். மாமாவைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவளை வாசலில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்த அன்று வராத வார்த்தை அப்போதுதான் வந்தது.

"நீ அன்னைக்குக் கேட்டது சரிதான்டி. நான் வீட்ல இருந்திருக்கணும்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நானும்தான் வேலைக்குப் போனேன், அக்கா. போறப்ப பிள்ளையத் தொட்டுப் பார்த்தேன். சுட்டுச்சு."

பூசாரி சொன்ன விதிகளில் அழக்கூடாது என்று ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் அழுதோம்.